எதைக் கண்டால் பயம் என்று கேட்கப் போனேன்

குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவனுக்கு முதலில் வேண்டியது கமெரா அல்ல, முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டும் தைரியம். அது கடையில் கிடைப்பதில்லை, எங்கள் அப்பாவின் ஹாட்வெயார் கடையிலும் இல்லை.

உங்களில் யாராவது கணக்கெடுப்புக்கோ, கோயில் நோட்டீஸுக்கோ, கையில் தாள்கட்டோடு வீடு வீடாகப் போயிருந்தால் நான் சொல்வது புரியும். நாய் குரைக்கும். ஜன்னல் சீலை கொஞ்சம் விலகும். "ஆளில்லன்னு சொல்லு" என்று உள்ளே ஆள் பேசும் சத்தம் கேட்கும். நீங்கள் அசட்டுச் சிரிப்போடு நிற்பீர்கள். அப்படி நின்ற கூட்டத்தில் என்னையும் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன் பஜாரில் ஆணி, பெயின்ட், தகரம் விற்கும் கடையில் உட்காராமல், ஊடக டிப்ளோமா படிக்கப் போனவன் நான். கடைசி வருடத்தில் பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். எங்கள் குழுவில் இரண்டே பேர். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த நிஷாந்தி இயக்கமும் கமெராவும். மிச்சமிருந்த வேலையெல்லாம் நான். படம் பேய்ப் படம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், பூட்டிக் கிடக்கும் கடைசி ஒற்றையறைக் காம்பிராவிலிருந்து யாரோ சுவரைத் தட்டுகிறார்கள். கதை என்னுடையது. சின்ன வயதிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளி. எனக்குப் பயமாக இருப்பது ஊருக்கே பயமாக இருக்கும் என்று நம்பினேன்.

"யாருக்காக இந்தப் படம்?" என்று விரிவுரையாளர் கேட்டார். எல்லாருக்கும்தான் சேர் என்றோம். எல்லாருக்கும் என்றால் ஒருவருக்கும் இல்லை என்று அர்த்தம், இலக்குப் பார்வையாளர் யார் என்று ஆராய்ந்து நாற்பது படிவம் நிரப்பிக் கொண்டு வாருங்கள், ஒன்று குறைந்தாலும் கமெரா தரமாட்டேன் என்றார். கமெரா இல்லையென்றால் படம் இல்லை. படம் இல்லையென்றால் இன்னொரு வருடம். எனக்காவது உட்காரக் கடை இருக்கிறது. நிஷாந்திக்குக் கொழும்பில் ஒரு வேலை சொல்லிவைத்திருந்தார்கள், இந்த வருடம் முடித்தால் மட்டும்.

துரையின் நிபந்தனை

படம் எடுக்க நிஷாந்தி பிடித்த இடம் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டம். அங்கே மேல்பிரிவில் ஆள் இல்லாத காம்பிரா ஒன்று இருந்தது. அனுமதி கேட்டுத் தோட்ட ஒபீஸுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே கூப்பிட்டபோது நான் நிஷாந்தியின் பின்னால் போய் நின்றுகொண்டேன். நிஷாந்திதான் சிங்களத்தில் எல்லாம் பேசினாள். தோட்டத்தை நடத்தும் துரை இளவயதுக்காரர். எழுந்து நின்று வரவேற்றார், தேநீர் வரவழைத்தார். அந்த மரியாதைக்கே நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

கடைசியில் என் பக்கம் திரும்பி, நிதானமாகத் தமிழில் சொன்னார். காம்பிரா தருகிறேன், வீடுகளில் கேள்வி கேட்கவும் விடுகிறேன், ஆனால் போன வருட மழைக்குப் பிறகு ஆட்கள் எல்லாரும் பயந்துபோய் இருக்கிறார்கள், உங்களால் ஒரு குழப்பமும் வரக்கூடாது, ஒரே ஒரு முறைப்பாடு வந்தாலும் அனுமதி முடிந்தது. நான் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தேன். வாசல்வரை வந்த பெரிய கிளாக்கர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"கத்துற தொரமாரு பத்துப் பேர சமாளிச்சிருக்கேன் தம்பி. இவரு கத்தமாட்டாரு, சொன்னதச் செஞ்சிருவாரு. அதான் எனக்கே பயம்."

முதல் வாசல்

முதல் வீட்டில் செல்வராஜ் அண்ணன். தேயிலை ஃபெக்டரியில் வேலை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் படிவத்தின் தலைப்பில் நாங்கள் படிக்கும் நிறுவனத்தின் சின்னம் பெரிதாக இருக்கும். அதன் கீழே வீட்டு இலக்கம், வீட்டில் எத்தனை பேர், வயது என்ன, டிவி உண்டா, ஃபோன் உண்டா. கடைசியில் நான் பெருமையோடு சேர்த்த கேள்வி: "உங்களுக்கு எதைக் கண்டால் பயம்?" அண்ணன் எனக்கு பிளேன்டீ கொடுத்து, எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். பேய் பார்த்த கதை மட்டும் மூன்று சொன்னார். மூன்றாவது கதைக்கு நான் கதவுப் பக்கம் முதுகைக் காட்டாமல் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

கீழே கையெழுத்துப் போடுங்கள் அண்ணே என்று பேனாவை நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. பேனாவை வாங்கித் தரையில் வைத்தார். அவருடைய அப்பா ஒரு தாளில் கைநாட்டு வைத்தாராம். அது என்ன தாள் என்று அவர் சாகும்வரை ஒருவரும் சொல்லவில்லையாம். நான் எவ்வளவோ விளக்கினேன். பேனா தரையிலேயே கிடந்தது.

"பேயப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க தம்பி. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

நாலு தெரிவுகளும் ஐந்தாவதும்

கையெழுத்துக்குப் பதில் வீட்டு இலக்கம் போதும் என்று விரிவுரையாளர் இறங்கி வந்தார். வீட்டுக்கு வரும்வரை காத்திருப்பானேன், எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கும்போது பிடிக்கலாம் என்று, பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு மலைக்கே போனேன். வரிசையில் இருபது பெண்கள். சரோஜா அக்கா என்பவரிடம் படித்துக் காட்டினேன்: பயங்கரப் படத்தில் எதை எதிர்பார்க்கிறீர்கள்? பேய், இரத்தம், இருட்டு, திடீர்ச் சத்தம். "குளவி எங்க?" என்று கேட்டார். குளவி இல்லை அக்கா, இந்த நாலில் ஒன்று சொல்லுங்கள் என்றேன். அப்படியென்றால் இது தோட்டத்து ஆட்களுக்கு எழுதிய தாளே இல்லை என்றார்.

அந்தப் பேச்சு முடியவில்லை, மேலே மரத்தில் ஒரு இரைச்சல். யாரோ மெதுவாக, கத்தாமல், "குளவி" என்றார்கள். இருபது பேரும் நின்ற இடத்திலேயே குந்தி, இடுப்பில் கட்டியிருக்கும் தடித்த படங்கை இழுத்துத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். படித்தவன் நான் ஒருவன்தான் ஓடினேன். கழுத்தில் இரண்டு, காதில் ஒன்று. இரைச்சல் போன பிறகு அக்கா என்னை உட்கார வைத்து, காதைப் பிடித்துச் சுண்ணாம்பு தடவினார். அவர்களோடு வேலை செய்த ஒருத்தியும் இப்படித்தான் எழுந்து ஓடினாள் என்று சொல்லத் தொடங்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அஞ்சாவதா இதையும் எழுதிக்கங்க. பேய் வந்தா ஓடலாம் தம்பி. குளவி வந்தா ஓடவும் முடியாது."

கதையைச் சொல்லிப் பார்த்தது

படம் எடுப்பதற்கு முன் கதையைப் பார்வையாளரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. லயத்தின் நடுவில் இருந்த ஒரு வீட்டில் ஆறு பேரை உட்கார வைத்து, குரலைத் தாழ்த்தி, கடைசிக் காம்பிராப் பேயைப் பற்றிச் சொன்னேன். அது சுவரைத் தட்டும் இடம் வந்ததும், வீட்டுச் சுவரில் நானே மூன்று தட்டுத் தட்டினேன். "என்னாடி, உப்பு முடிஞ்சிருச்சா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கட்டி எழுப்பிய பேய் அன்றோடு போய்ச் சேர்ந்தது.

சிரிப்பு அடங்கியதும் வீட்டுக்காரர் என்னைத் தேற்றுவதுபோல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தம்பி பேயை விடுங்கள், எங்களைப் பயமுறுத்த ஒரு வழி இருக்கிறது, சத்தமே வேண்டாம் என்றார். லயத்துக்கு மேலே மலைத் தண்ணீரைக் குழாய் வைத்து விழவிட்டிருக்கும் பீலியைக் கையால் காட்டினார். அவர் சொன்னதைக் கேட்டபோது வீட்டில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பிள்ளைகள்கூட.

"அடமழை பெய்யுது, ஆனா பீலில தண்ணி நின்னு போச்சு, மேல மண்ணு சரியுதுன்னு அர்த்தம். இத மட்டும் காட்டுங்க. படம் பாக்கிற அத்தன பேரும் எந்திரிச்சு ஓடிருவோம்."

ஏழு படிவமும் எட்டுக் கதவும்

இப்படியே முப்பத்துமூன்று படிவம் சேர்ந்தது. ஏழு குறைந்தது. நிஷாந்தி, தன் அக்காவுக்குக் குழந்தை பிறந்ததால் வீட்டுக்குப் போயிருந்தாள். தனியாக மேல்பிரிவின் உச்சி லயத்துக்குப் போனேன். பெரியவர்கள் மலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். எட்டுக் கதவும் பூட்டு. ஒரு நாய் மட்டும் என்னை ஒரு முடிவோடு பார்த்துக்கொண்டிருந்தது. படிவங்களைக் கதவடியில் தள்ளிவிட்டு இரண்டு நாளில் வந்து வாங்கலாம் என்று நினைத்தேன். ஆனால் சுவரிலிருந்த இலக்கமெல்லாம் பெயின்ட் உரிந்து காணாமல் போயிருந்தது. என் பையில் கடையிலிருந்து எடுத்த சிவப்புச் சோக்கு இருந்தது. பலகை விற்றுவிட்டால் அதில் அடையாளம் போட அப்பா வைத்திருப்பது. ஒன்று, இரண்டு என்று ஏழு கதவிலும் பெரிதாக எழுதி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு படிவம் தள்ளினேன். எட்டாவது கதவுக்குப் படிவம் இல்லை, அதனால் இலக்கமும் போடவில்லை. நாய் எழுந்து நின்றது. நான் இறங்கி ஓடிவந்தேன்.

இரண்டு நாள் கழித்து, பனி இறங்கிய பின்னேரத்தில் திரும்பிப் போனேன். லயத்தில் சத்தமே இல்லை. ஒவ்வொரு வாசலிலும் மூட்டை. டிவியைப் போர்வையில் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் சப்பாத்து போட்டு, பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்கள். போன வருடம் மண் சரிந்தபோது, அதிகாரிகள் வந்து கீழ்ப்பிரிவு லயங்களின் கதவில் சிவப்பு இலக்கம் போட்டார்கள். இலக்கம் விழுந்த வீட்டு ஆட்களை ஸ்கூல் மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். இதை நான் டிவியில் பார்த்தேன், அடுத்த வாரமே மறந்தும் போனேன். மறக்காதவர்கள் கதவில்தான் அதே சிவப்பில் எழுதிவிட்டு வந்திருந்தேன்.

ஏழு படிவமும் நிரப்பி, மடித்து, தயாராக இருந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு முறைப்பாடு என்று துரை சொன்னது காதில் கேட்டது. எப்போது போக வேண்டும் என்று கேட்டவர்களிடம் "கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, படிவங்களை வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒன்று என்று நான் எழுதிய வீட்டு மாரிமுத்து அண்ணன், கையில் அடையாள அட்டைகளை வைத்துக்கொண்டு, பாதிப் படிவரை என் பின்னால் வந்தார்.

"எந்த இஸ்கூல் தம்பி? அங்க தண்ணி இருக்கா?"

நிஷாந்தி திரும்பி வந்தாள்

பஸ்ஸில் அந்த ஏழு படிவங்களையும் படித்தேன். உங்களுக்கு எதைக் கண்டால் பயம்? "பின்னால் இருக்கும் மேடு." "மழை." "மழை." "ஸ்கூல் மண்டபம்." "சின்னவன் படுக்கும் மூலை." ஒரு பிள்ளையின் எழுத்தில், "அம்மா தூங்காமல் இருப்பது." முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஹட்டன்வரை வந்தேன்.

மறுநாள் காலை நிஷாந்தி வந்ததும், நடந்ததை ஒரு தமாஷ் போலச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. போன வருடம் அவர்கள் வீட்டுக் கதவிலும் பதினொன்று என்று சிவப்பில் எழுதினார்களாம். சாமான் எடுக்க அரை மணித்தியாலம் கொடுத்தார்களாம். நாலு மாதம் மண்டபத்தில், சீலை கட்டி மறைத்த இடத்தில் தங்கிக்கொண்டே அவள் எங்களோடு பரீட்சை எழுதியிருக்கிறாள். ஒரே வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாது. "கேட்டுச் சொல்றேன்னா சொன்ன? அந்த வார்த்தய எங்களுக்கு எத்தன பேர் சொல்லியிருக்காங்க தெரியுமா?" என்றாள். பிறகு ஒரு பழைய துணியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"போட்டது நீ, அழிக்கிறதும் நீ. நான் பக்கத்துல நிப்பேன். ஒரு வார்த்த பேசமாட்டேன்."

அழிக்கப் போன நாள்

அன்று பின்னேரம் வாளித் தண்ணீரும் துணியுமாக உச்சி லயத்துக்கு ஏறினேன். அடி விழும் என்றே நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு கதவாக நின்று, இதை எழுதியது நான்தான், அதிகாரிகள் இல்லை, படத்துக்காக எழுதினேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சோக்கு சுலபமாகப் போகவில்லை, தேய்க்கத் தேய்க்கக் கதவெல்லாம் சிவப்பாகப் பரவியது. ஒரு அக்கா மூட்டையை அவிழ்த்துச் சட்டிகளை ஒவ்வொன்றாக அடுப்படிக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு சட்டியையும் கொஞ்சம் பலமாகவே வைத்தார். இன்னொருவர், மூன்று ராத்திரியாகப் பிள்ளைகளைச் சப்பாத்தோடு படுக்க வைத்தேன் என்றார்.

மாரிமுத்து அண்ணன் தன் கதவில் நான் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள், இலக்கம் போட்டுவிட்டார்கள், இனிப் புது வீடு கட்டித் தருவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தாளாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. துரைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நிஷாந்தி சொல்லவில்லை, நான்தான் உளறினேன். அண்ணன் என் கையிலிருந்த துணியை வாங்கி, மிச்சமிருந்த ஒரு கோட்டை அவரே துடைத்தார்.

"தொரகிட்ட நாங்க யாரும் சொல்லமாட்டோம். ஒங்க பயத்துக்கு நாங்க எதுக்குக் காரணமா இருக்கணும்?"

எட்டாவது கதவு

ஏழும் முடிந்தது. வாளியைத் தூக்கினேன். அப்போதுதான் எட்டாவது கதவைப் பார்த்தேன். நான் எழுதாத கதவில் எட்டு என்று சிவப்பாக எழுதியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். குங்குமம். விரலால் எழுதிய எட்டு, என்னுடைய ஏழு இலக்கத்தையும் விடப் பெரிது. கையில் துணியோடு நின்ற என் முன்னால், வேலை முடிந்து கூடையோடு வந்த பெண் கதவை மறைத்து நின்றுகொண்டார். புஷ்பா அக்கா. கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை. இங்கே அவரும் இரண்டு பிள்ளைகளும்.

அக்கா எங்களை உள்ளே கூட்டிப்போனார். அடுப்புக்குப் பின் சுவரில் ஒரு சாமிக் கலண்டர். அதைக் கழற்றினார், அதன் பின்னால் திணித்திருந்த பழைய துணியையும் கடதாசியையும் உருவினார். கூரையிலிருந்து தரைவரை வெடிப்பு. குளிர்காற்று என் முகத்தில் அடித்தது. உள்ளே விட்ட கை முழங்கைவரை போனது. விரல் நுனியில் ஈர மண் பட்டது. நான் சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

ஏன் ஒபீஸில் சொல்லவில்லை அக்கா என்றேன். "சொன்னா நம்பர் போடுவாங்க, நம்பர் போட்டா இஸ்கூலு, அப்புறம் இந்தக் காம்பிராவும் போயிரும். அதுக்குப் பயந்துதான் மூடி வச்சேன்" என்றார். நான் எழுதிய அன்று மலையிலிருந்து வந்து பார்த்தால் ஏழு வீட்டில் இலக்கம், அவர் வீட்டில் மட்டும் இல்லை. வெடித்த வீட்டை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் கூட்டிப்போகப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். குங்குமச் சிமிழை எடுத்திருக்கிறார். அது அதிகாரிகள் போட்டதல்ல, இவன் போட்டது, எல்லாவற்றையும் அழித்துவிட்டான் என்று நிஷாந்தி முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னாள். அக்கா தலையாட்டினார், ஆனால் கதவை விட்டு நகரவில்லை.

"ஒங்க நம்பர அழிச்சிட்டீங்க, சரி. இது நான் போட்டது. இதுல கை வைக்காதீங்க."

மறுபடியும் ஒபீஸ்

இப்போது கணக்கைப் பாருங்கள். நாற்பது படிவம் கையில். லயத்தில் ஒருவரும் முறைப்பாடு சொல்லப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினால் வரும் வாரம் கமெரா, அதன் பிறகு நிஷாந்திக்குக் கொழும்பு. வெடிப்பைப் பற்றிச் சொல்லப் போனால், எப்படித் தெரிந்தது என்று துரை கேட்பார், சோக்குக் கதை வெளியே வரும். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், நிஷாந்தி ஏதாவது சொல்லி என்னைத் தடுக்கமாட்டாளா என்று காத்திருந்தேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒபீஸ் பக்கம் இறங்கி நடந்தாள். நான் பின்னால் போனேன்.

துரை கத்தவில்லை. ஜீப்பில் எங்களையும் ஏற்றிக்கொண்டு மேலே வந்து, வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார். கைக்குட்டையால் மண்ணைத் துடைத்தார். இருட்டுவதற்கு முன்பே புஷ்பா அக்காவையும் பிள்ளைகளையும், கொழுந்து பறிக்கும் தாய்மார் முன்பு குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளை மடுவத்துக்கு மாற்றினார்கள். மற்ற ஏழு வீட்டைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன், அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, படம் இந்தத் தோட்டத்தில் இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெரிய கிளாக்கர் அனுமதிக் கடிதத்தை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

"தோட்டத்துல ஒரு ஆளு வாயத் தொறக்கல தம்பி. ஒங்க மேல முறைப்பாடு கொண்டுவந்தது நீங்களேதானா?"

மழைக் காலம்

விரிவுரையாளர் நாற்பது படிவத்தையும் எண்ணிப் பார்த்துவிட்டு, நல்ல ஆராய்ச்சி என்றார். கமெராவும் கொடுத்தார். வேறு தோட்டத்தில் அனுமதி கேட்டு அலைந்து முடிவதற்குள் தவணை முடிந்துவிட்டது. இன்னொரு வருடம் படிக்கிறோம். கொழும்பு வேலைக்கு வேறொருவர் போய்விட்டார். நிஷாந்தி இதுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதை நினைத்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

மழை தொடங்கிவிட்டது. உச்சி லயத்தைப் பார்க்க அதிகாரிகள் இன்னும் வரவில்லை. ஏழு வீட்டு ஆட்களும் அங்கேதான். ஹட்டனில் வானம் கறுத்தால் கடையில் எனக்கு வேலை ஓடாது, புஷ்பா அக்காவுக்கு ஃபோன் போடுவேன். சுவர் நிற்கிறதா, பீலியில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பேன். கொஞ்சம் பொறுங்க என்று வைத்துவிட்டு, திரும்ப எடுத்து, நிற்குது தம்பி, வருது தம்பி என்பார். ஃபோனை வைத்தபிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். போன வாரம் திரும்ப எடுத்தபோது பின்னால் மழைச் சத்தம், அவருக்கு மூச்சு வாங்கியது. நான் கேட்கும் ஒவ்வொரு முறையும், பதில் சொல்வதற்காக அவர் மடுவத்திலிருந்து மழையில் ஏறி, அந்தச் சுவர் அடிக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார் என்று அன்றுதான் தெரிந்தது.

"இனிமே நிக்குதான்னு கேக்காதீங்க தம்பி. விழுந்தா நானே சொல்றேன்."

ஆக, நாற்பது வாசல் ஏறி இறங்கி எங்கள் படத்தைப் பார்த்துச் சரியாகப் பயப்படக்கூடிய ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன்: அந்த ஆள் நான்தான், காட்டத்தான் படம் இல்லை.